இரவலுக்குப் போன அப்பா

எங்கள் மேல் பிரிவு மாரியம்மன் மீது சத்தியமாக, அது போதாதென்றால் என் வலது கண்ணின் மீதும் சத்தியமாக, இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதன் மீது சத்தியம் செய்தால் உங்களை ஏமாற்றியதாகும். அந்த மாதிரிப் பழக்கம் என்னிடம் இல்லை.

முக்தார் ஐயா, நீங்கள் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். தெஹியோவிட்டையில் பிடித்த ஆட்டோ பாதி மலையில் மூச்சு வாங்கி நின்றுவிட, மீதியை அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே ஏறினீர்கள். நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். தோட்டத்துத் தலைவர் என்ற முறையில் அது என் கடமை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் படித்தால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். இங்கே ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஆட்கள் வந்தால், அந்த வீட்டில் அவர்கள் பார்க்கும் சாமான் எதுவும் அந்த வீட்டுச் சாமானாக இருக்காது. கதிரைகள் பக்கத்துக் காம்பராவிலிருந்து வரும். ஃபேன் கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து வரும். பீங்கான் கோப்பைகள் எங்கிருந்தோ வந்து எங்கோ போகும். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. நாளைக்கு நமக்கும் தேவைப்படும். ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. இரவல் கொடுத்தவர் விருந்தாளி முன்னால் 'இது என்னுடையது' என்று வாயைத் திறக்கக் கூடாது.

இருளப்பன் மகளைப் பார்க்க யட்டியாந்தோட்டையிலிருந்து வந்தவர்கள் அவள் கழுத்தில் கிடந்த சங்கிலியைத் தொட்டுத் தொட்டுப் புகழ்ந்தார்கள். சங்கிலிக்குச் சொந்தக்காரியான வெள்ளையம்மா தேத்தண்ணித் தட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "அவங்க அப்பா ஆசையா செஞ்சு போட்டதுங்க," என்றாள் முகம் மாறாமல். அந்தச் சங்கிலி திரும்பி வருவதற்கு இருளப்பன் மகளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. அதுவரை வெள்ளையம்மா கேட்கவும் இல்லை. எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள்.

இனி உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் இருக்கிறது, பெரிய இடம். பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே பணக்காரப் பிள்ளைகளே நிறைந்துவிட்டார்களாம். மலை முழுவதும் ஒரே மரத்தை நட்டால் நோய் வந்து எல்லாம் ஒன்றாகப் போய்விடும் என்று எங்கள் தொரைமாருக்கே தெரியும். அத்தனை படித்தவர்களுக்குத் தெரியாதா. ஆகவே ஏழைப் பிள்ளைகளையும் இடையிடையே ஊடுபயிராகப் போட்டுப் பார்க்க முடிவு செய்தார்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, விமானம், குளிருக்குக் கோட்டு, எல்லாம் அவர்கள் செலவு. பிள்ளை கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், வீடு ஏழை வீடாக இருக்க வேண்டும். அதை ஒரு ஆள் நேரில் வந்து பார்ப்பார்.

இங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் தோட்டத்தில் நல்ல மார்க் வாங்கியவர்கள் டியூஷனுக்குப் போன பிள்ளைகள். டியூஷனுக்குப் போன பிள்ளைகளின் வீட்டில் டைல்ஸ் பதித்திருந்தது.

முதலில் தேர்வானவன் சுதாகரன். அவனுடைய அப்பாவை இந்தப் பக்கத்தில் மதிக்காதவர்கள் இல்லை. ஓட்டு வீடு, இரண்டு ஆட்டோ, ஃப்ரிட்ஜுக்குள் எந்நேரமும் மீன். கண்ணியமான மனிதர், நன்றாக யோசிக்கக் கூடியவர். வீடு பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் அவர் படுத்துப் புரண்டது எனக்குத் தெரியும். அவர் ஏழை என்று சொன்னால் அவருடைய தொப்பையே மறுத்துப் பேசும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செல்வத்தை இரவல் வாங்கிப் பெண் கொடுக்கிறோம். வறுமையை இரவல் வாங்கிப் பிள்ளையைப் படிக்க அனுப்பினால் என்ன. இதில் என்ன தப்பு என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் கீழ் லயத்தில் தொங்கல் வீடு என்று ஒன்று உண்டு. கடைசிக் காம்பரா. மற்ற காம்பராக்களில் ஆட்கள் சீமெந்து பூசி, தகரம் மாற்றி, வாசலில் கம்பிக் கதவு போட்டுக் கெடுத்துவிட்டார்கள். தொங்கல் வீடு மட்டும்தான் வெள்ளைக்காரன் கட்டியபடியே இருந்தது. கூரைத் தகரத்தில் ஓட்டைகள் இருந்தன என்று சொல்வதைவிட, ஓட்டைகளைச் சுற்றிக் கொஞ்சம் தகரம் இருந்தது என்று சொல்வது பொருத்தம். சுவரில் புகை ஏறி ஏறி, கைவிரலால் கோடு போட்டால் கோலமாக நிற்கும். அங்கே நல்லையாவும், அவர் மனைவியான அந்தச் சங்கிலிக்காரி வெள்ளையம்மாவும், மகள் ஷாமிளாவும் குடியிருந்தார்கள்.

நல்லையா முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மழைக்காலத்தில் பால் வாளியோடு சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து கட்டில்தான். இருமல் வேறு.

நான் போய் வீட்டை ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன். பழக்கப்படி அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளையம்மாவும் ஷாமிளாவும் காலையிலேயே ரப்பர் மலைக்கு ஏறி, ஆள் போகும்வரை மரங்களுக்கு நடுவே நின்றுகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நல்லையாவைத் தூக்கத்தான் முடியவில்லை. தூக்கினால் கத்தினார். அதனால் அவரை வீட்டோடு சேர்ந்த சாமானாக விட்டுவிட்டோம். அன்று முழுக்க அவர் சுதாகரனின் அப்பா.

வந்தவர் ஹபீஸா என்ற கொழும்பு அம்மா. உங்கள் அலுவலகத்து ஆள்தான், நல்ல மனசு. அன்றைக்குப் பார்த்து மழை இல்லை. தெஹியோவிட்டைப் பக்கத்தில் மழை இல்லாத நாள் அபூர்வம், ஆனால் மழையை நம்பி இருக்க முடியுமா. இருளப்பனைப் பின்பக்கமாகக் கூரையில் ஏற்றிவிட்டிருந்தேன்.

"ஊத்துன்னு சொன்னா ஊத்தணும், புரிஞ்சுதா?"

"ஹரி தலைவரே, ஊத்திடுறேன். எந்தப் பக்கமா ஊத்த?"

"மழை பக்கம் பார்த்தாடா பெய்யுது?"

அவன் ஊற்றினான். ஆனால் அவன் எடுத்துப் போனது காலையில் பால் எடுத்துவிட்டுக் கழுவாமல் வைத்திருந்த வாளி. ஹபீஸா அம்மாவின் தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று மழை பெய்தது. அவர் முந்தானையை நீட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்கிள், மழை ஏன் வெள்ளையா விழுது?"

"ரப்பர் மலைங்க நோனா. பால் வெட்டுற காலத்துல மரத்தோட மூச்சு மேகத்துல ஏறிடும்," என்றேன்.

அவர் அதைக் கேட்டுக் கண் கலங்கினார். நல்லையா சரியான நேரத்தில் இருமினார். சுதாகரன் என்னைப் பார்த்து, "தலைவரே, அப்பாவுக்கு மருந்து எடுக்கணும்," என்று மரியாதையாகச் சொன்னான். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. அந்த வருடமே விமானம் ஏறினான்.

அதன் பிறகு தொங்கல் வீட்டுக்கு மதிப்பு வந்துவிட்டது. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இரண்டு மாடிப் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகள் பிரேமலதாவுக்கு வேறொரு பல்கலைக்கழகம் கிடைத்தது. அவள் வீட்டைப் பார்க்க வேறு ஆட்கள் வந்தார்கள். நல்லையா இந்த முறை இருமலோடு நிற்கவில்லை, பிரேமலதாவின் தலையில் கைவைத்து அழுதார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கே அந்த வேலையில் ஒரு பிடிப்பு வந்திருந்தது. பிறகு கஹவத்தையிலிருந்தும்கூட ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். நான் ஒரு சதம் வாங்கியதில்லை. வேண்டுமானால் யாரிடமும் கேளுங்கள்.

ஒருநாள் நல்லையா என்னைக் கேட்டார். "தலைவரே, இப்ப எனக்கு மொத்தம் எத்தன புள்ளைங்க?"

"ஏன், உனக்கென்ன கொறச்சல். சீமையில படிக்கிறதுங்களே இருக்கே."

"அது சரிங்க. நான் பெத்தது மட்டும் ரப்பர் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்தால் அவருக்கு முதுகு வலிக்கும்.

ஒரு சாமானை ஊருக்குப் பொதுவில் பயன்படுத்தும்போது அதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது தலைவரின் பொறுப்பு. தோட்ட நிர்வாகம் தொங்கல் வீட்டுக்குப் புதுத் தகரம் தர முன்வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரசாங்கத்தின் ஏழு பேர்ச் காணியில் புது வீடு கட்டும் திட்டம் வந்தபோது முதல் வீடு நல்லையாவுக்கு என்று பேச்சு அடிபட்டது. நடக்க முடியாத மனிதர் மேட்டு நிலத்தில் என்ன செய்வார் என்று எடுத்துச் சொன்னேன். அந்த வீடு இருளப்பனுக்குப் போனது. அவன் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு ஓட்டைக் கூரையில் ஏறி வேலை செய்தான். அவிசாவளை ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தார். நல்லையாவை ஆபரேஷன் செய்து உட்கார வைக்கலாம் என்று சொன்னாராம். வெள்ளையம்மா வந்து, கூட்டிப்போக வாகனம் கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதங்கள் வந்துகொண்டே இருந்தன. உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து யாரும் வரமாட்டார்கள், ஐயா. இதை நீங்கள் நியாயமாக யோசித்தால் புரியும்.

நாங்கள் யாருமே எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. ஷாமிளா படித்துவிட்டாள்.

எப்போது படித்தாள் என்று தெரியவில்லை. எங்களால் மலைக்கு அனுப்பப்பட்ட நாட்களில் மரத்தடியில் உட்கார்ந்து படித்திருப்பாள் போலிருக்கிறது. அப்படிப் பார்த்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலேயே அவளுடைய பெறுபேறுதான் உயர்ந்தது. பள்ளிக்கூட டீச்சர் தன்னுடைய போனிலேயே உங்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துக் கொடுத்திருக்கிறார். இடம் கிடைத்துவிட்டது. வீடு பார்த்து, பண உதவியை உறுதி செய்வது மட்டும்தான் பாக்கி. பண உதவி இல்லையென்றால் அந்த இடம் அவளுக்கு நிலாவில் கிடைத்த காணி மாதிரி.

எனக்கு இது வேன் பிரட்டுக் களத்தடியில் வந்து நின்றபோதுதான் தெரியும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் அந்தக் களத்தில் வேனிலிருந்து இறங்கியவர் ஹபீஸா அம்மா. குறுக்குப் படிகளில் நான் முந்திக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அது பெரிய ஓட்டம்.

தொங்கல் வீட்டு வாசலில் வெள்ளையம்மா சேலை மாற்றி நின்றாள். முகத்தில் பவுடர் போட்டிருந்தாள்.

"இன்னைக்கு நாங்க மலைக்குப் போக வேணாம்தானே தலைவரே?" என்று கேட்டாள்.

"வேணாம்," என்றேன்.

"நெசமாவே எங்க வீட்டப் பார்க்கத்தான் வர்றாங்க," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கம் வந்தது.

உண்மையான மழை பெய்துகொண்டிருந்தது. கூரை முழுவதும் ஒழுகிற்று. சட்டி, வாளி, சிரட்டை எல்லாம் கீழே வரிசையாக வைத்து, நடக்க இடமில்லை. ஹபீஸா அம்மா குனிந்து உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். நல்லையாவைப் பார்த்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். சொட்டுகிற நீரை உள்ளங்கையில் ஏந்தினார்.

"போன தடவ வெள்ளையாத்தானே விழுந்துச்சு?" என்றார்.

தண்ணீர் தெளிவாக இருந்ததுதான் அவருக்குச் சந்தேகமாகப் போய்விட்டது.

"மேல யாரும் ஈக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, கட்டில் பக்கம் திரும்பினார். "இவர் சுதாகரன்ட அப்பா இல்லையா?"

"இல்ல மிஸ். இது எங்கப்பா," என்றாள் ஷாமிளா.

ஹபீஸா அம்மா வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மாவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. கொடுத்ததை விருந்தாளி முன்னால் கேட்கக் கூடாது. அவள் அதை ஒரு நாளும் மீறியதில்லை. தன்னுடைய சங்கிலிக்கே அவள் பேசாமல் இருந்தவள்.

ஹபீஸா அம்மா கட்டிலருகே குந்தி உட்கார்ந்தார். "அங்கிள், சுதாகரன் சுகமா ஈக்காரா? கதைச்சாரா?"

நல்லையா என்னைப் பார்த்தார். அவரும் எங்கள் ஆள்தானே. கட்டுப்பாடு அவருக்கும் உண்டு.

"நல்லா இருக்கான்னு சொல்றாங்க நோனா," என்றார்.

"அப்பா," என்றாள் ஷாமிளா.

அவ்வளவுதான் சொன்னாள். ஹபீஸா அம்மா அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். இந்தச் சொல்லை இதே இடத்தில் இதைவிட உருக்கமாகச் சுதாகரன் சொல்லிக் கேட்டிருந்தார். அவர் எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"தலைவர், நீங்க சொல்லுங்க. இவர் யார்ட அப்பா?"

ஐயா, நான் அவசரப்படவில்லை. யோசித்தேன். ஷாமிளாவின் அப்பா என்று சொன்னால் சுதாகரன் பாதிப் படிப்பில் திரும்பி வருவான். பிரேமலதா வருவாள். ஹபீஸா அம்மாவின் வேலைக்கும் ஆபத்து. இந்தத் தோட்டத்துப் பெயர் கெட்டு, இனி எந்தப் பிள்ளையையும் எந்தப் பல்கலைக்கழகமும் நம்பாது. சுதாகரனின் அப்பா என்று சொன்னால் ஒரே ஒரு பிள்ளை இங்கேயே இருக்கும். அதுவும் இங்கே இருந்து பழகிய பிள்ளை. தலைவர் என்பவன் பொதுவாகப் பார்க்க வேண்டும், ஒரு வீட்டுக்காகப் பார்க்கக் கூடாது.

"சுதாகரனோட அப்பாதாங்க," என்றேன். "இந்தப் புள்ள ஒரு நாளைக்கு இரவல் கேட்டிருக்கு. ஆசையில செஞ்சிருச்சு. மன்னிச்சிருங்க."

ஹபீஸா அம்மா கோபப்படவில்லை. "இப்படிச் செய்யக் கூடாது மகள். நெசமான ஏழைப் புள்ளகள்ட இடம் இது," என்று அன்பாகத்தான் சொன்னார். போகும்போது நல்லையாவின் தலைமாட்டில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் வைத்தார். சுதாகரனின் அப்பாவுக்காகக் கொண்டு வந்தது.

வேன் போன பிறகு வெள்ளையம்மா வாளிகளை எடுத்து வெளியே ஊற்றினாள். நிறைந்ததை ஊற்றுவதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். நல்லையா அன்றைக்கு இருமவே இல்லை. ஷாமிளா மட்டும் என்னிடம் வந்து, "தலைவரே, எங்கப்பாவ எப்ப திருப்பித் தருவீங்க?" என்று கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னதாக ஞாபகம்.

இப்போது அவள் அவிசாவளையில் தையல் ஃபெக்டரியில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன் பஸ்ஸுக்கு இறங்குவாள். கணக்கில் கெட்டிக்காரி என்று அவளைப் பொத்தான் எண்ணும் பகுதியில் போட்டிருக்கிறார்களாம். படித்த படிப்பு வீணாகவில்லை.

விஷயம் எப்படி வெளியே வந்தது என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஏழை வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கென்று பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு விருந்து வைத்தனவாம். எல்லோரும் அப்பா அம்மா படத்தைத் திரையில் காட்ட வேண்டும். சுதாகரன் காட்டியது நல்லையா. இரண்டு பேர் கழித்துப் பிரேமலதா காட்டியதும் நல்லையா. அண்ணன் தங்கையென்று நினைத்து இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கட்டிப்பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நல்லையாவுக்கு இதைச் சொன்னேன். "ரெண்டும் சண்ட போடாம இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தை அந்த வீட்டிலிருந்து மலைக்கு அனுப்பியது நான். தகரத்தைத் தடுத்தது நான். புது வீட்டைத் தடுத்தது நான். நல்லையா எழுந்து உட்காராமல் பார்த்துக்கொண்டதும் நான். ஷாமிளாவுக்குச் சேர வேண்டிய இடத்தை, அவளுடைய அப்பாவை அவள் கண் முன்னாலேயே இல்லை என்று சொல்லி, எடுத்துப் போட்டதும் நானே. எல்லாம் தோட்டத்தின் நன்மைக்காகச் செய்தது. எனக்கென்று எதையும் செய்துகொள்ளவில்லை என்பதில் என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது.

நல்லையா சுதாகரனின் அப்பா இல்லை என்பது தெளிவாகிவிட்டது, அப்படியானால் சுதாகரனின் அப்பா யார், அதையும் எழுதுங்கள் என்று நான் எழுத உட்கார்ந்தபோது கேட்டீர்கள்.

சுதாகரன் என் கடைசி மகன்.